கார்டு வந்தால் சாவு உறுதி

1. கடை நம்பருக்கு வந்த அழைப்பு

செஞ்சி பஜாரில் ஒரு பிரஸ்ஸில் வேலை செய்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் செய்கிறோம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்பதால், ஒரே ஒரு நாளில் நடந்ததையும் அதனால் வந்ததையும் வரிசை மாறாமல் எழுதுகிறேன்.

அன்று காலை பின்கட்டில் கட்டிங் மெஷினில் பத்திரிகை வெட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் கடை ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை என்பதால் நான் போய் எடுத்தேன்.

"பிரஸ்ஸா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"நான் தனபாலோட பொண்ணு, மெட்ராஸ்லருந்து பேசறேன். எங்க நைனா செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

தனபால் சார் எங்கள் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தெருக் கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். முந்தின நாள்கூட எங்கள் கவுன்டரில் நின்று, பில் புக்கின் மஞ்சள் தாள் வெளுத்திருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனார்.

"இன்னாம்மா சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"கார்டு வந்திருக்குதே! நைனா ஃபோட்டோ போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, கீழ உங்க கடை பேரு, இந்த நம்பரு. அம்மாவுக்கு ஃபோன் போட்டா எடுக்கல. நைனாவும் எடுக்கல. சும்மா எவனோ கெளப்பி உட்டுருப்பான்னு நானும் பாத்தேன். எங்க வீட்டுக்காரருதான் சொல்றாரு, அந்த பிரஸ் பேரு இருந்தா நிஜமாத்தான் இருக்கும், அவங்க வீட்டுல கேக்காம போட மாட்டாங்கன்னு."

எங்கள் கடையைப் பற்றி ஊர் சொல்லும் பேச்சு அது. அந்தப் பேச்சு வரக் காரணம் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

"அம்மா, உங்க வீட்டுலருந்து யாரும் எங்களுக்கு சொல்லல. அது கேக்காம போன கார்டு. நீங்க உடனே கெளம்பிடாதீங்க. நான் விசாரிச்சிட்டு கூப்புடறேன்."

"அப்ப உயிரோடதான் இருக்காரா?"

"தெரியலம்மா."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் சொன்னார்கள். எனக்குத் தெரியாது, அதனால் தெரியாது என்றேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஃபோனை வைத்துவிட்டு முன்மேசையைப் பார்த்தேன். டிசைன் செய்யும் கவிதா காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்த கார்டுக்கு விளக்குப் படம் வைத்துக்கொண்டிருந்தாள். என் மனசில் முதலில் வந்தது பயமோ துக்கமோ அல்ல. 'இன்னிக்கு மாட்டிகினா இவ' என்றுதான் வந்தது.

2. கவிதா

அப்படி ஏன் வந்தது என்று சொல்லவேண்டும்.

கவிதாவின் ஊர் சிங்கவரம். வயதில் என்னைவிட நன்றாகச் சின்னவள். ஒரு ஸ்டுடியோவில் ஃபோட்டோ திருத்தும் வேலையில் இருந்தவளை எங்கள் முதலாளி கூட்டிவந்தார். வந்த முதல் வாரமே ஏசிக்கு நேர் கீழே இருக்கும் மேசை அவளுக்குப் போனது. நான் அந்தக் கடையில் எத்தனை வெயில் காலத்தை விசிறியோடு கழித்தேன் என்பது முதலாளிக்குத் தெரியும்.

அவள் கையில் வேலை வேகமாக ஓடும். அதை மறுக்க முடியாது. ஒரு ஃபோட்டோவின் பேக்ரவுண்டை நான் கால்வாசி எடுத்து முடிப்பதற்குள் அவள் ஆளைத் தனியாக வெட்டி, கோட்டு மாட்டி, பின்னால் செஞ்சிக் கோட்டையையும் வைத்துவிடுவாள். பேச்சும் அப்படித்தான். ஃபிளெக்ஸ் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் வாசற்படியில் நின்றே, "கவிதா இல்லியா?" என்பார்கள். நான் இருக்கிறேன் என்று சொன்னால், "பரவால்ல, அப்புறம் வரேன்" என்று திரும்பிவிடுவார்கள். அவளுக்கு ஊரில் பெயர் டிசைனர். எனக்குப் பெயர் டைப்படிக்கிற அக்கா.

அவள் வரும்வரை அஞ்சலி போஸ்டர் முழுக்க என் பொறுப்பு. சாவு வீட்டில் ஒருவரிடமாவது ஃபோனில் பேசாமல் நான் ஒரு எழுத்தும் அடிக்கமாட்டேன். இனிஷியல் சரியா, தோற்றம் மறைவு தேதி என்ன, எடுப்பது எப்போது, இவண் என்ற இடத்தில் யார் பெயர் முதலில் என்று கேட்டுத்தான் செய்வேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊரில் சாவு என்றால் கோயில் மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். சாவு வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்காமல் மணியடிக்கிறவர் கயிற்றைத் தொடமாட்டார். எனக்கு அந்தப் பழக்கம்தான்.

இதனால் எங்கள் கடை போஸ்டருக்குப் பஜாரில் ஒரு தனி மதிப்பு. யாராவது சாவுச் செய்தி சொன்னால் பூக்கடைக்காரர் நாரைத் தொடமாட்டார். "பிரஸ்லருந்து வந்துடுச்சா?" என்று கேட்பார். வந்துவிட்டது என்றால்தான் மாலை கட்ட உட்காருவார். கவிதா வந்து அதே போஸ்டரை ஃபோன் அளவுக்குச் சுருக்கி, கீழே கடைப் பெயரும் நம்பரும் போட்டு ஸ்டேட்டஸில் வைக்க ஆரம்பித்தாள். கார்டு என்று அதற்குப் பெயர் வந்தது. 'கார்டு வந்தால் சாவு உறுதி' என்பது பஜாரில் ஒரு சொலவடை மாதிரி ஆகிவிட்டது. கேட்டுச் சரிபார்த்தது நான். பெயர் வாங்கியது அவளுடைய ஸ்டேட்டஸ். கொஞ்ச நாளில் கார்டு வேலை என் கையைவிட்டே போய்விட்டது. "நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள காரியமே முடிஞ்சிடுது ஸ்டெல்லா" என்று முதலாளி சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவளுடைய ஸ்டேட்டஸை நான் தினமும் பார்ப்பேன். பார்த்தது அவளுக்குத் தெரியாதபடி ஃபோனில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன்.

இதற்கிடையில் முதலாளி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடை பிடித்தார். புது ஃபிளெக்ஸ் மெஷின் போட்டு அதைக் கிளையாக நடத்தப்போவதாகச் சொன்னார். எங்கள் இருவரில் ஒருவர் அங்கே பொறுப்பாளர். "ஆடி போகட்டும், யாருன்னு சொல்றேன்" என்றார். அந்த இடம் எனக்கு வேண்டும். சாவி என் கையில் இருக்கவேண்டும், கல்லா மேசையில் நான் உட்காரவேண்டும், வருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பேசவேண்டும். இதைத் தவிர அந்த ஆடி மாசம் முழுவதும் நான் வேறெதையும் நினைக்கவில்லை.

தனபால் சார் பெண்ணின் ஃபோன் வந்தது அந்த ஆடியில்தான்.

3. "ஊரே சொல்லுது"

கார்டு எப்படிப் போனது என்பதைப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

காலையில் விழுப்புரம் ரோட்டில் ஒரு வளைவில் நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரியும் ஒரு காரும் மோதிக்கொண்டன. அங்கே நின்றவர்களில் ஒருவர் நொறுங்கிய காரைப் படம் எடுத்து ஒரு குரூப்பில் போட்டார். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. தனபால் சாருடைய கார். அதுவரை எல்லாம் உண்மை.

அடுத்த குரூப்பில் அந்தப் படத்தோடு 'தலைவர் கார் விபத்து' என்று சேர்ந்தது. அதற்கடுத்த குரூப்பில் 'தலைவர் கவலைக்கிடம்' என்றானது. எங்கள் தெரு குரூப்புக்கு வந்து சேரும்போது 'தலைவர் காலமானார்' என்று இருந்தது. பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு வந்ததைவிட ஒரு படி முன்னால் நிற்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

சங்கத் துணைத் தலைவர் முருகன் கவிதாவைக் கூப்பிட்டார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

"தலைவரு போயிட்டாரும்மா. கார்டு ஒண்ணு போடு. என் ஃபோட்டோ கீழ பெருசா வரணும். பாத்திரக்கடைக்காரன் கேட்டான்னா எனக்கப்புறம் போடு."

"வீட்டுல சொல்லிட்டாங்களாண்ணா?"

"ஊரே சொல்லுது, வீடு இன்னா தனியா சொல்றது?"

கவிதா கேட்டாள் என்பதை நான் குறித்துச் சொல்கிறேன். பதில் கிடைத்ததும் கேள்வியை விட்டுவிட்டாள். தனபால் சாருடைய அறுபதாம் கல்யாண ஃபிளெக்ஸுக்கு எடுத்த படம் அவளிடம் தயாராக இருந்தது. சிரித்த முகம். நிமிஷத்தில் கார்டு போய்விட்டது.

பெண்ணின் ஃபோனை வைத்தபின் நான் அவளிடம் போனேன்.

"கவிதா, தனபால் சாருக்கு கார்டு போட்டியா?"

"போட்டேங்கா. பாத்தியா? வெளக்க மாத்தி வெச்சிருக்கேன், நல்லா இருக்குது இல்ல?"

"அவரு வீட்டுல யாரு சொன்னது?"

"முருகன் அண்ணன்தான்..."

"அவரு பொண்ணு இப்பத்தான் லைன்ல அழுவுது. அதுக்கே தெரியாது. உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

அவள் ஃபோனை எடுத்து எதையோ தட்டினாள். "டெலிட் பண்ணிட்டேங்கா."

"உன் ஃபோன்ல டெலிட் பண்ண. ஊர் ஃபோன்ல?"

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்தது.

அதற்குள் வெளியே ஷட்டர்கள் இறங்கும் சத்தம் கேட்டது. கார்டு வராதவரை காத்திருந்த தெரு, கார்டு வந்ததும் கடையைச் சாத்தத் தொடங்கியிருந்தது. பூக்கடைக்காரர் குனிந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். முருகன் கடைப் பையன்கள் கம்பத்தில் கறுப்புக் கொடி கட்டினார்கள். யாரோ முன்யோசனையாகச் சொல்லி அனுப்பி, ஐஸ் பெட்டி வண்டி தனபால் சார் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டது. வீடு பூட்டியிருந்தது.

முதலாளி வியர்வையோடு உள்ளே வந்தார். "பாவம், நல்ல மனுசன். இப்படிப் போயிட்டாரே." உடனே கவிதாவைப் பார்த்து, "நம்மதான் ஃபர்ஸ்ட்டு போட்டிருக்கோம். வெரி குட்மா" என்றார்.

"அவரு செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"இன்னா ஸ்டெல்லா இப்பிடி கேக்கற? கார்டு நம்ம கடையிலருந்துதானே போயிருக்குது? அப்ப நிஜந்தானே?"

கடைக்காரரே தன் கடைக் கார்டைப் பார்த்து நம்பியிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அடுத்த செய்தியைச் சொன்னார். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடிவிட்டது. தலைவரைக் கொன்றவன் என்று லாரி டிரைவரின் ஃபோட்டோவை யாரோ போட்டுவிட்டார்கள். அந்த ஆள் அடிக்குப் பயந்து ஒரு டீக்கடைக்குள் ஒளிந்திருக்கிறார். டீக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே நின்று மன்றாடுகிறார். கார் டிரைவருக்குக் கை உடைந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள், பேசும் நிலையில் இல்லை. காரில் வேறு யார் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

4. பனமலையில் புளியோதரை

என்னிடம் ஸ்டேட்டஸ் பார்க்கும் கூட்டம் கிடையாது. ஃபோன் நம்பர்கள் உண்டு. இருபது ஆண்டுகளில் எங்களிடம் எதையாவது அச்சடித்தவர்கள், அவர்கள் வீட்டில் ஒரு பெண், பக்கத்து வீட்டில் ஒருவர், கோயில் என்றால் குருக்கள், சர்ச் என்றால் கணக்குப் பார்ப்பவர். யாரைக் கேட்டால் உண்மை தெரியும் என்று ஊர் வாரியாகப் பதிந்து வைத்திருக்கிறேன். சிங்கவரம், வல்லம், பனமலை என்று ஊர்ப் பெயரை முதலில் போட்டு, பிறகு ஆள் பெயர்.

தனபால் சார் முந்தின நாள் வந்தது பில் புக்குக்கு மட்டுமல்ல. பனமலைக் கோயிலில் அவர் செலவில் ஒரு பூஜை. அதன் நோட்டீஸையும் வாங்கிப்போனார். பூஜை அன்றைக்குத்தான். 'பனமலை குருக்கள்' என்று தேடி அடித்தேன். மூன்று முறை முழுதாக அடித்து நின்றது. அடுத்த முறை எடுத்தார்.

"யாரு, பிரஸ் அம்மாவா? நோட்டீஸ் ரொம்ப நன்னா வந்திருக்கு. ஒரு பிழை இல்லை."

"சாமி, தனபால் சார் அங்க வந்தாரா?"

"வந்தாராவா? இங்கதான் இருக்கார். பாறையில உக்காந்து ஏரியைப் பாத்துண்டு புளியோதரை சாப்பிடறார். டீசல் போடறேன்னு போன டிரைவரை இன்னும் காணோம்னு திட்டிண்டிருக்கார். ஃபோனும் கார்ல போயிடுத்தாம், கூட வந்த சம்சாரத்தோட ஃபோனும் பையோட அதுலயேதான் இருக்காம்."

"கொஞ்சம் அவருகிட்ட குடுங்க சாமி."

"யாரு?" என்றார் தனபால் சார், வாயில் சோறோடு.

"பிரஸ்லருந்து ஸ்டெல்லா பேசறேன் சார். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கு இன்னா? மல ஏறினதுல முட்டி வலிக்குது. அந்த மஞ்ச தாள மாத்திட்டியா?"

விபத்தைச் சொன்னேன். டிரைவருக்கு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். காரைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு நான் கார்டைச் சொன்னேன்.

"எனக்கா? கண்ணீர் அஞ்சலியா?"

"ஆமா சார். மொதல்ல உங்க பொண்ணுகிட்ட பேசுங்க, மத்தது அப்புறம்."

மகள் நம்பர் அவருக்கு மனப்பாடமில்லை. கடை ஃபோனில் விழுந்திருந்த நம்பரை நான் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். குருக்கள் அதைப் பக்கத்திலிருந்த நோட்டீஸ் ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டார்.

5. என் திருத்தமும் அவள் வீடியோவும்

அடுத்து நான் செய்ததுதான் முறையான வேலை என்று இன்னமும் நினைக்கிறேன். கடை குரூப்பிலும் தெரு குரூப்பிலும் ஒரு திருத்தம் போட்டேன். தனபால் அவர்கள் பனமலையில் நலமாக உள்ளார், காரில் அவர் இல்லை, ஓட்டுநர் மட்டும் காயமடைந்து சிகிச்சையில் உள்ளார், முன்பு வந்த அஞ்சலிச் செய்தி தவறானது, வருந்துகிறோம். ஒரு புள்ளி கமா குறையில்லை.

அதன் கீழே வரிசையாக வந்தவை இவை. கும்பிடு படம். 'ஆழ்ந்த இரங்கல்'. மறுபடி கும்பிடு. 'தலைவரே எழுந்து வா'. ஒருவர் முழுதாகப் படித்திருந்தார் போல. அவர் இப்படி எழுதினார்: 'சம்சாரத்துக்கு ஹார்ட் வீக். அதான் மறைக்கிறாங்க. மேட்டர் கன்ஃபர்ம்.' அதற்கு எட்டுப் பத்துப் பேர் கைதட்டியிருந்தார்கள். என் திருத்தமே சாவுக்குச் சாட்சியாகிவிட்டது.

கவிதா மூலையில் அழுதுகொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த குருக்கள் நம்பர குடு."

"எதுக்கு?"

"குடுக்கா. எழுதினா எவனும் படிக்க மாட்டான். ஆளக் காட்டணும்."

நான் உடனே கொடுக்கவில்லை. அந்த நம்பர் என் கையில் இருக்கும்வரை அவள் தப்பு செய்தவள். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரிந்தது. முதலாளி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "டீக்கட ஷட்டர கடப்பாறைல நெம்புறாங்களாம்" என்றார். கொடுத்துவிட்டேன்.

அவள் வீடியோ கால் போட்டு, அதை அப்படியே ரெக்கார்ட் செய்தாள். பாறையும் ஏரியும் தெரிந்தன. பிறகு தனபால் சார் முகம்.

"தலைவரே, நான்தான் உங்கள சாகடிச்சவ. கவிதா. திட்டறதுன்னா நேர்ல வந்து திட்டுங்க, வாங்கிக்கறேன். இப்ப அந்த இலையோட அப்பிடியே காட்டுங்க. ஊருல கடையெல்லாம் சாத்திட்டாங்க, முருகன் அண்ணன் மாலைக்கு சொல்லிட்டாரு, லாரிக்காரன அடிக்கப் போறாங்க. நீங்க ரெண்டு வார்த்த பேசினாத்தான் அடங்கும்."

அவர் இலையைத் தூக்கிக் காட்டினார். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் எனக்கே வெட்கம்.

"எவன்டா கடைய சாத்தினது? தொறங்கடா! அந்த லாரிக்காரன உடுங்க, எனக்கு ஒரு மயிரும் ஆவல. பாவம், அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும். முருகா, மாலைக்கு சொல்லிட்டியாமே? எடுத்துகினு வா, நேர்லயே போட்டுக்கறேன்!"

பின்னால் அவர் மனைவி, "சாப்டுட்டு பேசுய்யா" என்று சொன்னதும் அதில் பதிவாகியிருந்தது. கவிதா முன்னால் தன் முகத்தைக் காட்டி, "நான் கவிதா, பிரஸ்லருந்து. கேக்காம கார்டு போட்டது என் தப்பு. தலைவரு உயிரோட இருக்காரு, நீங்களே பாருங்க" என்று ஒரு துண்டு பேசிச் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டாள்.

அது போன வேகத்தில் அஞ்சலிக் கார்டுகூடப் போகவில்லை. தெருவில் ஷட்டர்கள் மேலே ஏறின. விழுப்புரம் ரோட்டில் கூட்டம் வீடியோவைப் பார்த்துச் சிரித்துக் கலைந்ததாகச் சொன்னார்கள். லாரி டிரைவருக்கு டீக்கடைக்காரர் டீ போட்டுக் கொடுத்தாராம். பூக்கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து, "கட்டின மாலைக்கு இன்னா பதில்?" என்று நின்றார். முருகன் வந்து கத்தினார்.

"கார்டு நீதான போட்ட? என்னய இன்னாத்துக்கு ஊரு சிரிக்க வெக்கிற?"

"ஊரே சொல்லுதுன்னு சொன்னது யாருண்ணா?" என்றாள் கவிதா.

6. சாவி

சாயங்காலம் தனபால் சார் மனைவியோடு கடைக்கே வந்தார். கவிதா எழுந்து நின்றாள். நானும் நின்றேன். இப்போது வாங்குவாள் என்று காத்திருந்தேன்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னய சாகடிச்சதும் இவதான், பொழைக்க வெச்சதும் இவதான்" என்று சொல்லி இடிஇடி என்று சிரித்தார். "ஆனா ஃபோட்டோ நல்லா செலக்ட் பண்ணியிருந்தம்மா. நெஜமா போறப்ப அதையே போடு." அவரை நடுவில் நிறுத்தி எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆங், பில் புக்கு அம்மா. மஞ்ச தாளு மறக்காத" என்றார்.

"பனமலைக்கு ஃபோன் போட்டு உங்களக் கண்டுபுடிச்சது ஸ்டெல்லா அக்காதான் தலைவரே" என்றாள் கவிதா. யாரும் கேட்காமலே சொன்னாள். அவளை முழுசாக வெறுக்கவும் விடமாட்டாள்.

"அப்படியா? நல்லதும்மா" என்றார் அவர். அதற்குள் அவர் மனைவி வீடியோவை மறுபடி ஓடவிட்டார். எல்லோரும் அங்கே குனிந்தார்கள்.

ஆடி முடிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பஸ் ஸ்டாண்டு கடைக்கு கவிதாவ போடலாம்னு இருக்கேன்."

"தப்பு செஞ்சவளுக்கா?"

"தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த வீடியோவுக்கப்புறம் வர ஆர்டர பாத்தியா? வல்லத்துலருந்துகூட கவிதா கடை எதுன்னு கேட்டுகினு வரான். உன்ன மாதிரி கேட்டு செய்யற ஆளு இங்க வேணும் ஸ்டெல்லா."

கேட்டுச் செய்கிற ஆளை எப்போதும் இங்கேயே வைத்துவிடுவார்கள். திறப்பு விழாவில் தனபால் சார் ரிப்பன் வெட்டினார். சாவியை முதலாளி தட்டில் வைத்து நீட்டினார், கவிதா எடுத்துக்கொண்டாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். அவள் மேசைக்கு மேலே இரண்டு ஏசி.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, உன்கிட்ட இருக்கிற நம்பரையெல்லாம் எனக்கு அனுப்பேன். அங்க சாவு ஆர்டர் வந்தா நானே கேட்டுக்குவேன். இனிமே கேக்காம போட மாட்டேன், சத்தியமா."

"குடுக்க மாட்டேன்."

"இன்னாக்கா இப்பிடி சொல்ற?"

"உனக்கு மேச இருக்குது, சாவி இருக்குது, ஸ்டேட்டஸ் இருக்குது. நம்பர் என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. "அப்ப ஒவ்வொரு சாவுக்கும் உன்னக் கேட்டுதான் போடணுமா?"

"ஆமா."

"சரி, கேக்கறேன். ஆனா சீக்கிரம் சொல்லணும்."

கொள்கைக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. பொறாமையில் சொன்னேன். அவளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு கடையிலிருந்தும் ஒரு பொய்க் கார்டு போனதில்லை. அவள் அவசரப்படும்போது என் ஃபோன் அடிக்கிறது. நான் சாவு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். அவள் ஊருக்குச் சொல்கிறாள். சில நாள் வேறு ஸ்டுடியோக்காரர்கள் எங்களை முந்திக்கொள்கிறார்கள். அந்த நாளில் பூக்கடைக்காரர் நாரைத் தொடாமல் எங்கள் கார்டுக்குக் காத்திருக்கிறார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு செய்தி பல வாயிலிருந்து வருவதால் அது பல முறை உண்மையாகிவிடாது. கேட்க வேண்டிய ஒருவரைக் கேளுங்கள். ஆனால் உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு சரியான வாக்கியத்தில் எழுதிவிட்டால் ஊர் படித்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஊர் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அவர் சொல்லவேண்டும். விசாரித்து அறிகிறவரும் ஊர் காது கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். நீங்கள் முதல் வகை என்றால் இரண்டாம் வகை மேல் பொறாமை வரத்தான் செய்யும். வரட்டும். எனக்கு இன்னும் போகவில்லை. அவள் கூப்பிடும்போது மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுங்கள்.